சீட்டில் இருந்த பெயர்

பெண்ணாக மாறியதற்காக வீட்டைவிட்டு விரட்டிய தன் பிள்ளையைத் தேடி, சுமை தூக்கும் செம்புலிங்கம் அந்தப் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்தின் குடும்ப உதவி அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

“பழைய பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது ஐயா,” என்ற அலுவலகப் பெண் ஒரு சீட்டில் புதுப்பெயரை எழுதிக் கொடுத்தாள். “பாக்க இஷ்டமான்னு கேட்டுட்டு வர்றேன். மாட்டேன்னா நீங்க போயிரணும்.”

“கால்ல வேணாலும் விழுறேன்னு சொல்லு தாயி.”

அவள் உள்ளே போனதும், ஐம்பது வயதில் படித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். பிச்சம்மாள். செத்துப்போன அவருடைய ஆத்தாளின் பெயர். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் தாயின் பெயர் வைத்த பிள்ளையை யாரும் பெயர் சொல்லி அதட்டுவதில்லை. ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதற்குமேல் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். உள்ளிருந்து காலடிச் சத்தம் கேட்டது. வருவது ஒருவரா, இரண்டு பேரா என்று அவருக்குப் பிடிபடவில்லை.