பவுனுக்கு வயது ஒன்பது

"ஒன்பது வயசுங்க" என்றாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மேசை மேல் படுத்திருந்த பவுனுக்குப் போன தையோடு பதிமூன்று முடிந்துவிட்டது. குட்டியாக இருந்தபோது முந்தானையில் சுற்றித் தூக்கிவந்த நாய். கணக்குத் தப்ப வழியில்லை.

முப்பது வருஷமாகக் கல்யாணத் தரகு. வயதைக் கேட்டால் வாய் தானாக நாலைக் கழித்துவிடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். அவள் அவ்வளவெல்லாம் சொன்னதில்லை. ஒரு ஜாதகத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

பவுனின் அடிவயிற்றில் கட்டி.

ஆடியில் நெல்லிக்காய் அளவு இருந்தது. ஐப்பசியில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

யாரிடம் கொடுப்பது?

மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரியேதான் விசாரித்தாள். சம்பந்தப்பட்ட வீட்டில் கேட்கக் கூடாது. எதிரே இஸ்திரி போடுகிறவரிடம் கேட்க வேண்டும். நாயை வீட்டில் விட்டுவிட்டு, உடுமலையில் இருந்த மூன்று இடங்களையும் முதலில் தனியாகப் போய் நோட்டம் பார்த்தாள்.

பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில் ஏசி இருந்தது. நாய்க்குக் குளியல் உண்டு. நகம் வெட்டுவார்கள். ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போக அறை உண்டு. பிறந்தநாளுக்குக் கேக்கூட உண்டு.

"குளிக்க வெக்கத்தானுங்க கூட்டமே" என்றார் எதிரே இளநீர் விற்கிறவர்.

பிறகு பவுனோடு போனபோது அங்கே அவள் உண்மையைத்தான் சொன்னாள். பதிமூன்று என்று கேட்டதும் அந்த இளம் டாக்டர் பேனாவை மூடிவிட்டார். இருக்கிற வரைக்கும் பிடித்ததைக் கொடுங்கள் என்றார். இடம் தட்டிப்போகும்போது எல்லாரும் அப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்.

அரசு கால்நடை மருந்தகத்து டாக்டருக்கு நல்ல கைராசி. மாட்டுக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். பவுனைக் கொண்டுபோனபோது அவர் வயதையே கேட்கவில்லை. கட்டியைத் தொட்டுப் பார்த்தார். எடுத்துத்தான் ஆக வேண்டும், நாய்க்கு மயக்கம் கொடுக்க இங்கே வசதி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

மிச்சம் இது ஒன்றுதான். அரிசி மண்டிக்குப் பின்னால் இரண்டு அறை. குளியல் இல்லை, கேக் இல்லை. டாக்டரம்மாவுக்குச் சிரிக்கவும் தெரியாது என்று பக்கத்து டீக்கடைக்காரர் முதலிலேயே எச்சரித்தார்.

"ஆனா ஒண்ணுங்க. உசுரு போயிருச்சுன்னா அவிங்களே வெளிய வந்து சொல்லுவாங்க. ஆள் விட்டுச் சொல்ல மாட்டாங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இங்கே வந்தாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் இப்போது நாலு வருஷத்தை விழுங்கியிருக்கிறாள்.

டாக்டரம்மா பவுனின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒன்பதுதானுங்களா?"

"ஆமாங்க."

இரண்டாவது தடவை கேட்டால் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதுவும் தொழில்தான்.

"சரி. ஒன்பதுன்னா மயக்க மருந்து தாங்கும். நாளைக்குக் காலைலயே எடுத்தர்லாம்."

டாக்டரம்மா மருந்தின் அளவை எழுதத் தொடங்கினார். பேனா நகர்வதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணுக்கு வயதைக் குறைத்தால் மிஞ்சிப் போனால் மாமியார் முகம் சுளிப்பாள். மயக்க மருந்து முகம் சுளிப்பதோடு விடுமா?

பவுன் அவள் புறங்கையை நக்கியது.

"பதிமூணுங்க" என்றாள்.

பேனா நின்றது.

திறந்த வாயை அவளால் மூட முடியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். விடிந்தால் இருமல். போன மாசம் வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டது. இடது கண் சரியாகத் தெரிவதில்லை. சோறு வைத்தால் மோந்துவிட்டுப் போய்விடும், கல்யாண வீட்டு மைசூர்பாகு என்றால் டப்பாவைக்கூட விடாது. கூடாது என்று தெரிந்தே கொடுத்தது அவள்தான்.

எல்லாவற்றையும் சொன்னாள்.

எந்த வீட்டிலும், எந்தப் பெண்ணைப் பற்றியும் இத்தனை குறை அவள் சொன்னதில்லை. இதில் கால்வாசி சொன்னாலே எதிரில் இருப்பவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிடுவார்கள். கலந்து பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு தகவலே வராது.

டாக்டரம்மா எழுதிய தாளைக் கிழித்தார்.

பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாளைக்குக் காலையில் கட்டி போயிருக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. அவளே எழுந்துவிட்டாள். பவுனைத் தூக்க இரண்டு கையையும் அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்தாள்.

"எங்க கெளம்பறீங்க?"

டாக்டரம்மா புதுத் தாள் எடுத்திருந்தார். மேலே பதிமூன்று என்று போட்டுக் கீழே கோடு இழுத்தார்.

"நெஞ்சை மொதல்ல சரி பண்ணுவோம். கட்டிய அதுக்கப்பறம் எடுக்கலாம். உக்காருங்க. மயங்கி விழுந்தது என்னிக்கு?"

அவள் உட்கார்ந்தாள்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை என்று ஆரம்பித்தாள்.