சோதனைக்கு ஒரு பெயர்

பிணம் வைக்கும் குளிர்பெட்டிகளை வாடகைக்கு விடும் சவரிராயனுக்கு ஒரு செயலி வேண்டியிருந்தது. கோடிங் தெரியாதவர்களும் செயலி செய்துவிடலாம் என்று சொல்லும் மூன்று தளங்களில் எது தேவலை என்று பார்க்கச் சொல்லி, கடையில் வேலை பார்க்கும் இன்பவல்லியிடம் விட்டிருந்தார். பொத்தானையும் படத்தையும் இழுத்து ஒட்டினால் போதும், வேலை சுளுவாகத்தான் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்க இறந்தவர் பெயர் ஒன்று வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை அந்த இடத்தில் எழுத யாருக்குக் கை வரும்? போன ஆடியில் போய்ச்சேர்ந்த தன் அப்பாவின் பெயரையே போட்டாள்.

முதல் தளம் ஒரு குட்டி ஸ்கூட்டரை ஓடவிட்டு, "தங்கமாணிக்கம், உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்றது. இரண்டாவது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று அவரையே கேட்டது. மூன்றாவது திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவி அவரை வாழ்த்தியது. அவள் மூன்றையும் மூடிவிட்டுச் சவரிராயனிடம் போனாள்.

"மூணுமே வேண்டாம் சார். கருமம்."

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கைபேசி மினுங்கியது. "தங்கமாணிக்கம், உங்களைக் காணோமே! மறுபடியும் வாங்க, இருபது சதவீதம் தள்ளுபடி."

எட்டிப் பார்த்த சவரிராயனின் முகம் மலர்ந்தது.

"இது எந்தக் கம்பெனிம்மா? ஒரு தடவ வந்தவன விடாம கூப்பிடுது பாரு. இதையே எடுத்துக்குவோம்."

இன்பவல்லி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்ந்தபடியே அது மறுபடியும் அதிர்ந்தது.