பழைய பாய்லர்

"இந்தப் புகையால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? சொல்லுங்க பார்ப்போம்! எங்க மின் நிலையத்தை மூட விடமாட்டோம்!"

மின் நிலைய வாசலில் மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான் பாய்லர் ஆபரேட்டர். கூட்டம் கைதட்டியது.

கூட்டத்தில் நின்ற அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு என்னவா? பெற்ற மகள் இங்கே மூச்சுவிட முடியாமல், டாக்டர் பேச்சைக் கேட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் சித்தி வீட்டில் வளர்கிறாள். அப்பனுக்கு அது மறந்தே போச்சா?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"வாய் கூசலையா உங்களுக்கு? சம்பளம் வந்தா போதும், இல்ல?"

வெளியே அந்தக் கத்து கத்தியவன் வீட்டில் ஊமைக்கோட்டான்.

கத்தி என்ன பயன்? கரியமில வாயுவுக்கு அரசாங்கம் போட்ட புது வரம்புக்குள் அந்தப் பழைய பாய்லர் அடங்கவில்லை. மூடிவிட்டார்கள். வேலை போனது. குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தெருவே இழவு வீடு மாதிரி கிடந்தது. கொடியில் போட்ட துணியில் மட்டும், மின் நிலையம் கொட்டி வைத்த சாம்பல் மேட்டுத் தூசி எப்போதும்போல் வந்து படிந்துகொண்டிருந்தது.

அவள்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"போனா போகட்டுங்க. பாப்பாகிட்டயே போயிடலாம். ஏதாவது கூலி வேலை பார்த்துக்கலாம். அங்க காத்தாவது சுத்தமா இருக்கு."

அவன் தரையைப் பார்த்தான்.

"வேலை கிடைச்சிருச்சு. பழைய பாய்லரைக் கழட்டிக் கொண்டுபோய் வேற இடத்துல மாட்டப்போறாங்க. என்னையும் கூப்பிடறாங்க."

"அந்த ஓட்டை பாய்லரையா? சட்டம் சும்மா விடுமா?"

"எல்லை தாண்டிட்டா இந்தச் சட்டம் செல்லாதாம்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"எல்லை தாண்டின்னா... எங்க?"

"உன் தங்கச்சி ஊர்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூடினா அங்கதான் கொண்டுபோவோம்னு மேனேஜருங்க பேசிக்கிட்டது முதல்லயே காதுல விழுந்துச்சு. உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலை. அதனாலதாண்டி அன்னைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்... இந்தப் புகை இங்கேயே, நம்ம தலை மேலயே இருந்து தொலையட்டும்னு."