வேகமாக ஒலித்தால்

ஹெட்போனில் பீப் சத்தம் வேகமாக அடித்தது.

இந்த வேலையில் எல்லாம் தலைகீழ். மூஸ் மானின் கழுத்தில் மாட்டிய ரேடியோப் பட்டை மெதுவாக ஒலித்தால் மான் உயிரோடு இருக்கிறது. வேகமாக ஒலித்தால் வெகுநேரமாக அசையவில்லை. போய் அறுத்துப் பார்க்க வேண்டும், எதனால் செத்தது என்று.

அவன் நெஞ்சுக்கும் அதே சட்டம் என்றால், மேடேறும்போதே அவன் செத்திருப்பான். மதுரைக்காரன் கனடாப் பனியில் இடுப்புவரை புதைவதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

சிவரூபி அக்கா முன்னால் சறுக்குவண்டியை இழுத்துப் போனார். அதில் கத்தி, அறுத்ததை எடுத்துவைக்கக் கண்ணாடிப் புட்டிகள். முதல் நாளே எச்சரித்திருந்தார்: குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். பெயர் வைத்தவன் அறுக்கும்போது அழுவான்.

அவன் பெயர் வைக்கவில்லை. எண்ணைத்தான் கொஞ்சினான்.

மரங்களுக்கிடையே குட்டி கிடந்தது.

குளிர்காலம் முழுக்க உண்ணிகள் குடித்த உடம்பு. மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பாதி உரோமம் போய் வெளுத்திருந்தது. தின்னத் தளிர் இல்லாத மாதங்களில், போன ரத்தத்துக்கு ஈடாகத் தன் தசையையே கரைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பனியில் சிவப்புப் புள்ளிகள். வயிறு நிறைந்து உதிர்ந்த உண்ணிகள்.

அவன் கத்தியை எடுத்தான்.

காது அசைந்தது.

காற்றாக இருக்கும்.

மறுபடியும் அசைந்தது.

கத்த வாயைத் திறந்தான். அக்காவின் கையுறை வந்து அடைத்தது. குட்டி பயந்து ஓடினால், மிச்சமிருக்கும் தெம்பு அந்த ஓட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

இருவரும் பனியில் குப்புறப் படுத்தார்கள்.

"எழும்படி, என்ர செல்லக்கிளி."

சொன்னது அவன் இல்லை.

திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாக்கிறீர்? அங்கால பாரும்."

குட்டியின் பின்புறம் உயர்ந்தது. முன்னங்கால் சறுக்கியது. மறுபடி ஊன்றியது.

நின்றது.

பனிக்கு மேலே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் மொட்டு.

இத்தனை நாள் தன்னையே தின்றது, எட்டி அதைக் கடித்தது.

பீப் மெதுவானது. அவன் நெஞ்சு ஆகவில்லை.

ஊர்ந்தே பின்வாங்கினார்கள். இழுத்த வண்டியில் காலிப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன.

அக்கா நின்றார். கழுத்தில் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்துப் புட்டிகளுக்கிடையே திணித்தார்.

இன்னும் ஒன்று கிலுகிலுத்தது.

அவன் தன் குல்லாயைக் கழற்றினான்.