நாற்பது வாட் தங்கம்

முதல் ஓடு நகர்ந்ததும் வெயில் என் மடியில் வந்து விழுந்தது.

கூரை மேல் ஏறி ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் கலையரசன். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பாள் என் அம்மா செல்லியம்மாள். எழுதத்தானே செய்கிறேன், பரவாயில்லை.

பெண்பிள்ளை பெற்று அம்மா வீட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். காத்து கருப்பு அண்டக் கூடாதென்று இருந்த ஒரே ஜன்னலையும் அம்மா கோணிப்பை திணித்து அடைத்திருந்தாள். நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. எங்களிடம்தான் நாற்பது வாட் பல்பு இருந்ததே! எங்கள் தெருவில் முதலில் கரண்ட் இழுத்த வீடு அது. அந்தப் பல்பு ராப்பகலாக எரிந்தது.

பார்க்க வந்தவர்களெல்லாம் பல்புக்கடியில் பிள்ளையைப் பார்த்து அசந்துபோனார்கள். அப்பனும் கறுப்பு, ஆத்தாளும் கறுப்பு, இந்தத் தங்க நிறம் எங்கிருந்து வந்தது என்றார்கள். மாப்பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிள்ளை அழுவதே இல்லை. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. தொந்தரவே கொடுக்காத குழந்தை என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டமே ரோட்டில் இறங்கியது. பஸ் இல்லை, லாரி இல்லை. சங்கராபுரம் ரோட்டில் யாரோ வெட்டிச் சாய்த்த புளியமரம் கரண்ட் கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. எங்கள் பல்பு அணைந்தது. அறைக்குள் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

சிம்னி விளக்கு வைத்தால் புகை பிள்ளைக்கு ஆகாது. ஜன்னல் கோணியைத் தொட அம்மா விடவில்லை. கடைசியில் மேலே இரண்டு ஓட்டை எடுப்பதென்று முடிவாயிற்று. காத்து கருப்பு பக்கவாட்டில்தான் வரும், மேலிருந்து வராது என்பது அம்மாவின் விஞ்ஞானம்.

அவர் மேலே வேலை செய்ய, கீழே நின்று அம்மா மரம் வெட்டினவனை வாய் ஓயாமல் திட்டினாள்.

“பச்ச புள்ள கெடக்குற வூட்ட இருட்டாக்கிட்டானே படுபாவி! அவன் கை வெளங்குமா?”

இரண்டாவது ஓடு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அதுவும் நகர்ந்தது.

இப்போது வெயில் பிள்ளை மேல் முழுதாக இருந்தது.

என் கையைப் பார்த்தேன். பல்பு வெளிச்சத்தில் அதுவும் கொஞ்சம் தங்கமாகத்தான் தெரிந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. இப்போது அது பழையபடி கறுப்பாக, என் கையாக இருந்தது. பிள்ளை மட்டும் மஞ்சளாகவே இருந்தாள்.

“நேத்து பூசுன மஞ்சதான்டி அமிர்தம்” என்றாள் அம்மா.

ஈரத்துணியால் பிள்ளையின் நெற்றியை அழுத்தித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. விரலால் இமையை மெல்லப் பிரித்தேன். கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அழுதுகொண்டு உட்கார்ந்தால் பிள்ளை தங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“காமாலம்மா இது. வண்டி பூட்ட சொல்லு.”

தீட்டு கழியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சமுத்து அண்ணன் மாட்டுவண்டியைப் பூட்டினார். என் வீட்டுக்காரரும் அம்மாவும் நானும் பிள்ளையும் கிளம்பினோம்.

ரோட்டுக்குக் குறுக்கே அந்தப் புளியமரம் கிடந்தது. அதைத் தாண்டிவிட்டால் ஏரிக்கரை வண்டிப்பாதை பிரியும், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் தடை கிடையாது. இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் நின்ற பள்ளம். மரத்தின் மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து குதித்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல், சாய்த்து வைத்திருந்த கோடரியை எடுத்துக்கொண்டு நேராக நுனிப் பக்கம் போனார். எந்தக் கிளை போனால் வண்டிக்கு வழி கிடைக்கும் என்று தேடவே இல்லை. வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

மரத்தின் மேலிருந்த அவர் சேக்காளி தீனதயாளன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இன்னாடா கலை, நேத்து நீ சாச்ச மரத்த இன்னிக்கு நீயே வெட்டிக்கினு நிக்கிற?”

கோடரி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தார்.

அம்மா அறுந்து தொங்கிய கம்பியைப் பார்த்தாள். என் மடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்தக் கம்பி அறுந்திருக்காவிட்டால் நாங்கள் இன்னும் பல்புக்கடியில் உட்கார்ந்து தங்கத்தைக் கொஞ்சிக்கொண்டிருப்போம். யாரும் எடுத்துச் சொல்லாமலே அது அவளுக்குப் புரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசாதவள் வண்டியை விட்டு இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“வெட்டுங்க மருமவனே. வெளங்குற கைதான்.”

மரத்தின் மேலிருந்தவர்களும் இறங்கிக் கை கொடுத்தார்கள். கிளை விழுந்தது. வண்டி தாண்டியது.

ஓடு எடுத்த இடத்தில் பிறகு இரண்டு கண்ணாடி ஓடு போட்டோம். அதனடியில்தான் என் மகள் தவழ்ந்தாள், நடந்தாள், நல்ல கறுப்பாக வளர்ந்தாள்.