பல்லியும் வாலும்

இதை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு வீட்டுச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது கத்திய பிறகுதான் வீட்டுக்காரர்கள் நல்ல காரியத்துக்குக் கிளம்புவார்கள். ஒருநாள் அது தரைக்கு இறங்கியபோது, பூனை அதன் வாலை மிதித்துப் பிடித்துக்கொண்டது.

“என்னை விட்டுட்டு ஓடுடி,” என்றது வால்.

“எத்தனை பூச்சி தின்னு உன்னை வளர்த்தேன்! எப்படி விடறது?” என்றது பல்லி.

“வீட்டுக்கே சகுனம் சொல்றவளாச்சே, உனக்கு ஒண்ணும் தோணலையா? நான் போனா இன்னொண்ணு முளைக்கும். நீ போனா?”

பூனை வாயைத் திறந்தது. பல்லி வாலை உதறிவிட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஓடியது. பூனையோ, துள்ளுகிற வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் பல்லி, “ச்சு, ச்சு” என்றது.

“பல்லி சொல்லிடுச்சு, கிளம்புங்க,” என்றாள் வீட்டுக்காரி.

எல்லோரும் கிளம்பினார்கள். பல்லி மட்டும் அன்றைக்குக் காலண்டரை விட்டு அசையவே இல்லை.