வலி நிற்காத மாடல்

அருளப்பனை நடக்கவைக்க முதுகுத்தண்டில் பொருத்தியிருந்த கருவிக்குள் புதிய இயங்குதளம் தானாகவே வந்து இறங்கியது. அதில் வலியை நிறுத்தும் ஃபங்ஷன், அதாவது சின்ன நிரல் துண்டு, ஒன்று இருந்தது. அதை அழைத்து இயக்க, நிரலைக் கருவியின் மொழிக்கு மாற்றித் தரும் புதிய கம்பைலர் வேண்டும், அதற்குப் புதிய கருவி வேண்டும் என்றது கருவியை விற்ற நிறுவனம்.

அவன் மனைவி ஜெசிந்தா புரோகிராமர். அவளுடைய பழைய கம்பைலருக்கு அந்த ஃபங்ஷனைத் தெரியாது. அவளே அதன் பெயரை எழுதி, இயங்குதளத்திடம் நேராகக் கேட்டாள். உடனே கொடுத்தது. இதுவரை யாரும் கேட்கவில்லை போலும்.

மூன்று வருடங்களில் முதல்முறையாக அருளப்பன் குனிந்து செருப்பு மாட்டினான்.

"வலிக்கலயாங்க?"

"எங்க போச்சுன்னே தெரியலடி."

மாலையில் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"சார், உங்க மாடல்ல வலி நிக்க வாய்ப்பே இல்ல. ஆனா நின்னுட்டதா காட்டுது. யாராவது கை வச்சிருந்தா கருவிய நிறுத்திடுவோம். இப்ப வலி இருக்கா சார்?"

கருவி நின்றால் அவனால் நடக்க முடியாது. ஜெசிந்தா அவசரமாக அவன் தொடையைக் கிள்ளினாள். அதுவும் வலிக்கவில்லை.

"ஐயோ, அம்மா" என்றான் அருளப்பன், பாடம் ஒப்பிப்பவனைப் போல.

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றாள் அந்தப் பெண். "அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு."